அழைக்கப்படாத அணியும் ஓர் அறவினாவும்

சென்ற தவணையின் இறுதி வாரத்திலே, பதினோராம் வகுப்பு மாணாக்கருக்குக் கட்டுரைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது எடுத்துக்காட்டாக ஒரு கதையைச் சொன்னேன். கதையென்பது தவறு, நடந்த செய்தி. 1951ஆம் ஆண்டில் சன்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அணி, அப்பருவத்தில் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றும், தன் கறுப்பினத் தோழர் இருவரைக் கைவிட மறுத்தமையால் ஆண்டிறுதிப் பெரும்போட்டிக்குச் செல்லாது நின்றுபோன செய்தி. மாணாக்கர் ஆர்வத்தோடு கேட்டனர். தோழமை, தியாகம், ஒற்றுமை என்னும் சொற்கள் ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் ஏறின. ஆசிரியத் தொழிலில் இத்தகைய வேளைகள் இனியவை, அபாயமானவையும் அவையே. பின்வரிசையிலிருந்த ஒருவன் எழுந்தான்.

"சேர், அந்த ரெண்டு பேரும், 'எங்களுக்காக நீங்கள் ஏன் நட்டப்படவேணும், நீங்கள் போங்கோ' எண்டு சொல்லியிருக்கலாந்தானே? சொல்லாமல் இருந்தது சுயநலமில்லையா?"

வகுப்பு முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மணியும் அடித்து என்னைக் காப்பாற்றவில்லை. ஏதோ கூறிச் சமாளித்தேன். அன்றிலிருந்து அவ்வினா என்னை விட்டகலவில்லை. மாணவனுக்கு அன்று தரமுடியாத விடையைத் தேடியே இதனை எழுதுகிறேன்.

முதலில் செய்தியைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்றழைப்பது நாம் அறிந்த விளையாட்டன்று. பந்து முட்டை வடிவினது. காலால் உதைப்பதைவிடக் கையிலேந்தி ஓடுவதும், ஓடுபவனை மறித்து வீழ்த்துவதுமே மிகுதி. பெயருக்கும் பொருளுக்குமிடையே இத்தகைய முரண்பாட்டை அந்நாட்டின் வேறு பல விடயங்களிலும் காணலாம். அஃது இங்கு வேண்டியதன்று. பல்கலைக்கழகங்களுக்கிடையே இலையுதிர்காலத்தில் நடைபெறும் இவ்வாட்டங்கள் அங்கே மாபெரும் வியாபாரமுமாகும். பருவம் முடிந்ததும், புத்தாண்டை ஒட்டி, குளிர் குறைந்த தென்மாநில நகரங்கள் சிறந்த அணிகளை இவ்விரண்டாக அழைத்துச் சிறப்பாட்டங்கள் நடத்துவதுண்டு. 'போல்' எனப்படும் அவற்றுக்கு அவ்வப்பகுதியின் விளைபொருட்களின் பெயரே பெரும்பாலும் வாய்த்தது: மயாமியில் ஒறேஞ்ச், நியூஓர்லீன்சில் சீனி, டலசில் பருத்தி. கரும்பையும் பருத்தியையும் அம்மண்ணில் விளைவித்த கைகள் எவருடையவை என்பதை வரலாறு படித்தோர் அறிவர். அக்கைகளுக்கு உரியோரின் பேரப்பிள்ளைகள் அவ்வரங்குகளில் ஆடக்கூடாது என்பதே அன்றைய வழக்கம்.

சன்பிரான்சிஸ்கோப் பல்கலைக்கழகம் யேசுசபைத் துறவியர் 1855இல் நிறுவிய சிறியதொரு நிலையம். பெரிய அரச பல்கலைக்கழகங்களின் செல்வமோ விளையாட்டரங்கோ அதற்கில்லை. பயிற்றுநர் ஜோ குகாரிச் கடுமையானவர். அணியிலே உலகப்போரில் போராடித் திரும்பிய ஜினோ மார்க்கெற்றி போன்றோர் இருந்தனர். இவர் இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். ஒலி மற்சன் ரெக்சஸ் மாநிலத்தின் றினிற்றி என்னும் சிற்றூரில் பிறந்தவர். பேர்ல் ரோலர் ரெனசியின் மெம்பிஸ் நகரத்தவர். இவ்விருவருமே அணியின் கறுப்பினத்தார். இருவரும் தெற்கின் மைந்தர் என்பதைக் கவனிக்கவேண்டும்; தாம் பிறந்த மண்ணுக்கே விருந்தினராக அழைக்கத் தகாதவர்களாயினர்.

அப்பருவத்தில் மற்சன் பந்தையேந்தி ஓடிய தூரம் 1,566 யார். நாட்டின் எந்தப் பல்கலைக்கழக வீரரும் அவ்வாண்டு அவ்வளவு ஓடவில்லை. அணி நியூயோர்க் வரை சென்று போர்டாம் பல்கலைக்கழகத்தை 32–26 என வென்றது. இறுதியாக நவம்பரில் பசடீனாவிலே லொயோலாவை 20–2 எனத் தோற்கடித்தது. ஒன்பது ஆட்டம், ஒன்பது வெற்றி. இனி அழைப்பு வரவேண்டும். ஆட்டக்காரர் பிற்காலத்தில் கூறியவாறு, வந்த செய்தி இதுவே: கறுப்பர் இருவரையும் விட்டுவிட்டு வருவதானால் வரலாம். ஒருவரும் தயங்கவில்லை என்றே அவர்கள் அனைவரும் நினைவுகூர்ந்தனர். அணி செல்லவில்லை. பணமுடையிலிருந்த பல்கலைக்கழகம் அப்பருவத்தோடு பெருநிலை உதைபந்தாட்டத்தையே கைவிட்டது. பெரும்போட்டியின் வருவாய் கிடைத்திருப்பின் அணி பிழைத்திருக்கும் என்று அன்றும் பலர் எண்ணினர்.

வெளியே கூறப்பட்ட காரணம் வேறு. அவ்வணி எதிர்த்தாடிய அணிகள் போதிய வலிமையுடையனவல்ல என்பதே அது. அக்காரணம் முழுப்பொய் என்றும் சொல்வதற்கில்லை. சிறிய நிலையத்தோடு பெரிய நிலையங்கள் ஆட முன்வருவது அரிது. அநீதியானது எப்பொழுதும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஏற்கத்தக்க ஒரு காரணத்தின் தோளில் கைபோட்டுக்கொண்டே அது வீதியில் நடக்கும். 'தகுதி போதாது', 'இடம் போதாது', 'வழக்கமில்லை' என்னும் சொற்களை அது கடன் வாங்கும். பிரித்துவைத்தலை 1896இல் அந்நாட்டின் உயர்நீதிமன்றமே 'பிரிவும் சமத்துவமும் ஒருங்கிருக்கலாம்' என்று கூறி ஏற்றிருந்தது. 1954 வரை அக்கருத்து பாடசாலைகளிலும் சட்டமாய் நின்றது. சட்டமே அவ்வாறு பேசும்போது விழாக் குழுவினர் எதனை எழுதிவைக்க வேண்டும்? ஒரு தலையசைப்புப் போதுமே.

தலையசைப்போடு நில்லாத இடங்களும் இருந்தன. அதே பருவத்தில், 1951 ஒக்ரோபர் 20ஆம் நாள், ஒக்லஹோமாவின் ஸ்ரில்வோற்றர் நகரில் டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜொனி பிறைற், பந்து தம்மிடம் இல்லாத வேளையிலே தாடையில் தாக்கப்பட்டார். தாடையெலும்பு முறிந்தது. நிழற்படங்கள் அதனை ஐயத்துக்கிடமின்றிக் காட்டின. 1952இல் அப்படங்களுக்குப் புலிற்சர் பரிசும் கிடைத்தது. அடித்தவர்மீது நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை. அப்பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவித்தது 2005இல். பிறைற் 1983இலேயே இறந்துவிட்டார். இவ்வளவையும் கூறுவது, 'வேண்டாம்' என்று கூறிய அந்த இளைஞர் எத்தகைய காற்றைச் சுவாசித்துக்கொண்டு அதனைக் கூறினர் என்பதைக் காட்டுதற்பொருட்டே.

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். பாதிக்கப்பட்டவன் தன் தோழரைக் கடமையிலிருந்து விடுவிக்கலாமா? விடுவித்தால் அவர்கள் விடுபட்டவராவரா?

இதற்கு வரலாற்றிலேயே ஒரு சோதனை உண்டு. 1934இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் தெற்கிலிருந்து வந்த ஜோர்ஜியா தொழினுட்பக் கல்லூரியோடு ஆடவேண்டியிருந்தது. மிச்சிகன் அணியில் வில்லிஸ் வோட் என்னும் கறுப்பினத்தவர் இருந்தார். அவர் ஆடினால் தாம் ஆடோம் என்றனர் வந்தோர். முடிவு என்ன? வோட் அமர்த்தப்பட்டார். அதற்கு ஈடாக எதிரணியும் தன் சிறந்த வெள்ளை வீரர் ஒருவரை அமர்த்திக்கொண்டது. ஆளுக்கு ஆள் சரி! கணக்கிலே பிழையில்லை. ஒருவன் பிறப்பினால் விலக்கப்படுகிறான், மற்றவன் அவ்விலக்கைச் சமன்செய்வதற்காக விலக்கப்படுகிறான். தராசின் இரு தட்டும் ஒத்து நிற்கின்றன. நடுநிலைமை என்னும் சொல் இதனினும் கேவலப்பட்ட இடம் எதுவென நான் அறியேன்.

அவ்வணியில் வோட்டின் நெருங்கிய தோழர் ஒருவர் இருந்தார். பின்னாளில் அமெரிக்காவின் ஜனாதிபதியான ஜெரால்ட் போர்ட் அவர். தாம் ஆடாது விலகிவிட எண்ணியதாகவும், வோட்டிடம் பேசியபோது அவரே தம்மை ஆடுமாறு கேட்டுக்கொண்டதாகவும் 1999இல் எழுதிய கட்டுரை ஒன்றில் போர்ட் நினைவுகூர்ந்தார். என் மாணவன் கேட்ட வார்த்தை இங்கே சொல்லப்பட்டிருக்கிறது: நீங்கள் போங்கோ. போர்ட் ஆடினார். மிச்சிகன் 9–2 என வென்றது. அப்பருவத்தில் அதற்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான்.

போர்ட்டைத் தூற்றுவது எளிது. அதில் எனக்கு விருப்பமில்லை. அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அதனை எழுதவேண்டும் என்று தோன்றிய மனத்தை எளிதாக எடைபோட முடியாது. ஆயினும் அந்த அனுமதியின் இயல்பை ஆராயவேண்டும். வோட் எந்நிலையில் நின்று அதனை வழங்கினார்? அவருடைய இடம் ஏற்கெனவே பறிக்கப்பட்டுவிட்டது. அதை மீட்கும் வல்லமை அவரிடமில்லை. பயிற்றுநரிடமும் பல்கலைக்கழகத்திடமும் இருந்தது. அவரிடம் எஞ்சியிருந்தது ஒன்றே: தோழன் தன்னால் நட்டமடைந்தான் என்ற பழியை ஏற்பதா, தோழனின் மனச்சாட்சிக்கு ஆறுதல் கூறி அனுப்புவதா என்னும் தெரிவு. இதனைச் சுதந்திரமான தெரிவென்று எப்படிக் கொள்வது? வழிப்பறிக்காரன் முன்னே நிற்கும்போது பணப்பையைக் கொடுப்பவனும் ஒருவகையில் தானே எடுத்துத்தான் கொடுக்கிறான்.

இன்னொன்றும் உண்டு. அனுமதி கேட்பதே ஒரு சுமையை இறக்கிவைப்பதாகும். 'நான் என்ன செய்யட்டும்?' என்று விலக்கப்பட்டவனிடம் கேட்கும்போது, விலக்கப்படாதவனுடைய அறப்பிரச்சினையையும் அவனே தீர்த்துத் தரவேண்டியதாகிறது. அவன் பெருந்தன்மையானவனாயின் 'போ' என்பான். பெருந்தன்மையற்றவனாயினும், வருங்காலத்தில் அதே அணியில் அதே தோழரோடு வாழவேண்டியவன் வேறென்ன கூறுவான்? ஆகவே விடை முன்கூட்டியே தெரிந்த வினாவை அவனிடம் கேட்கிறோம். கேட்டுவிட்டு, அவனே சொன்னான் என்று நிம்மதியடைகிறோம்.

1951இல் அந்த அணியினர் மற்சனிடமும் ரோலரிடமும் போய்க் கேட்டு நிற்கவில்லை என்பதே அச்செய்தியில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. அவர்கள் 'போங்கள்' என்று சொன்னார்களா, சொல்லவில்லையா என்ற வினா எழ இடமே வைக்கப்படவில்லை. நட்புக்கு வள்ளுவர் காட்டிய உவமையிலே, நழுவும் ஆடையை நோக்கி விரையும் கை உடம்பிடம் அனுமதி கேட்பதில்லை.

ஆனால் இங்கே வேறொரு தடை எழுகிறது. அதனையும் மறைக்காது கூறவேண்டும். மற்சன் அணியின் உயிர்நாடி. அவரில்லாமல் மயாமிக்குச் சென்றிருந்தால் அந்த அணி தோற்றிருக்கக்கூடும். அப்படியானால் மறுத்தது அறமா, ஆதாயக் கணக்கா? ஏமாற்றாமல் விற்கும் கடைக்காரனைப் பற்றிக் காண்ட் எழுப்பிய ஐயம் இங்கும் பொருந்தும்: நேர்மை இலாபகரமாயிருக்கும்போது, அவனை இயக்கியது நேர்மையா இலாபமா என்று எப்படி அறிவது? அவ்விருவரும் எப்போதாவது ஒருமுறை களமிறக்கப்படும் சாதாரண ஆட்டக்காரராயிருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? புகழ்பெற்றவனுக்காக நிற்பதும் ஒருவகைப் புகழ்ச்சியே.

இதற்கும் வரலாறு ஓரளவு விடை தருகிறது. 1958இல் பபலோ பல்கலைக்கழக அணி புளோரிடாவின் ஒர்லாண்டோவில் நடக்கும் ரஞ்சரின் போலுக்கு அழைக்கப்பட்டது. அந்நிலையத்தின் வரலாற்றிலேயே முதல் அழைப்பு. அரங்கைக் கட்டுப்படுத்திய பாடசாலைச் சபையினர், வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து அங்கே ஆட இயலாது என்றனர். அணியில் கறுப்பர் இருவர்: வில்லி எவன்ஸ் முன்னணி வீரர், மைக் வில்சனோ பதில் ஆட்டக்காரர். அணி ஏகமனதாக மறுத்தது. அப்பல்கலைக்கழகம் அத்தகைய போட்டி ஒன்றில் முதன்முதல் ஆடியது 2009 ஜனவரியில். ஐம்பது ஆண்டுகள் காத்திருந்தது.

எனினும், உள்நோக்கம் தூயதா என்ற ஆராய்ச்சியை ஓரளவுக்கு மேல் நீட்டிச் செல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. மனிதரின் நெஞ்சைப் பிளந்து பார்த்துத்தான் அவர் செயலை மதிப்போம் என்பது, பெரும்பாலும் எதுவும் செய்யாதோரின் வாதமாகவே இருந்துவருகிறது. அவ்விளைஞர் அறநூல் கற்று அந்நிலைக்கு வந்தவரல்லர். ஒரே வெயிலில் ஒரே பயிற்சிக் களத்தில் புரண்டவர்கள். ஒருவன் விழுந்தால் மற்றவனுக்கு அடி என்னும் வகையில் தொழிலால் பிணைக்கப்பட்டவர்கள். தனியொருவனாக எவனும் வெல்லமுடியாத வேலை அது. தோழமை என்பது நெஞ்சிலே தானாக ஊறுவதைவிடக் கூட்டுழைப்பிலே விளைவதே மிகுதி என்பதற்கு அந்த அணி நல்ல சான்று. தோட்டத்திலும் துறைமுகத்திலும் இதனைக் கண்டவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

நட்டக்கணக்கையும் பார்க்கவேண்டும். தியாகங்களைப் பாடும் நாம் பெரும்பாலும் பெரியவர்களின் தியாகத்தையே பாடுகிறோம். அந்த அணியில் ஒன்பதுபேர் தொழில்முறைச் சங்கத்தில் ஆடினர். மார்க்கெற்றி, மற்சன், பொப் சென்கிளெயர் ஆகிய மூவர் அவ்விளையாட்டின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். ஒரே கல்லூரி அணியிலிருந்து மூவர் என்பது பெரிது. அணிக்கு விளம்பரம் எழுதிய இளைஞர் பீற் ரோசெல் 1960 முதல் 1989 வரை அச்சங்கத்தின் தலைவராகவே இருந்தார். மற்சன் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீற்றரில் வெண்கலமும் தொடரோட்டத்தில் வெள்ளியும் பெற்றார். மயாமியில் ஆடத் தகாதவர் சில மாதங்களில் அமெரிக்கக் கொடியைத் தாங்கி ஓடத் தகுந்தவரானார்! இவர்களுக்கெல்லாம் காலம் ஏதோவொரு வகையில் ஈடு செய்தது. ஆனால் பெயர் எவருக்கும் நினைவில்லாத மற்றவர்கள்? வாழ்விலே அவர்களுக்கு வாய்த்த பெரிய மேடை அந்த ஒன்றுதான். அதன்பின் அவர்கள் அலுவலகங்களுக்கும் ஆலைகளுக்கும் போயிருப்பர். கொடுப்பதற்கு ஒன்றே வைத்திருந்தவர்கள் அதனைக் கொடுத்தனர். நான் வகுப்பில் மற்சனின் பெயரைச் சொன்னேன். இவர்களைச் சொல்ல மறந்தேன்.

ஒன்றை நேராக ஒப்புக்கொள்ளவேண்டும்: அந்த மறுப்பு தெற்கின் வழக்கத்தை உடனே மாற்றவில்லை. 1956 ஜனவரியில் பிற்ஸ்பேர்க் அணியின் பொபி கிரையர் நியூஓர்லீன்சிலே ஆடியபோது, அதே ஆண்டு நடுப்பகுதியில் லூசியானா மாநிலம் கலப்பின ஆட்டங்களைத் தடைசெய்து புதிய சட்டமே இயற்றியது. அச்சட்டம் வீழ நீதிமன்றங்களும், அவற்றுக்கு வெளியே வீதிகளில் இறங்கிய மக்களும் வேண்டியிருந்தனர். பதினொருவரின் நேர்மை ஓர் அமைப்பைக் கவிழ்த்துவிடும் என்று மாணாக்கருக்குப் போதிப்பது பொய்யாகும்.

நிலையங்களின் நினைவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்பல்கலைக்கழகம் 1950களில் கட்டிய மாணவர் விடுதி ஒன்றுக்கு ஜேம்ஸ் பீலன் என்பவரின் பெயரைச் சூட்டியது. அவர் 1920இல் 'கலிபோர்னியாவை வெள்ளையாகவே வைத்திருப்போம்' என்ற முழக்கத்தோடு தேர்தலில் நின்ற அரசியல்வாதி. 1951இன் இளைஞர் எதனை மறுத்தார்களோ அதன் பெயரே அவர்களுடைய கல்லூரிச் சுவரில் அறுபதாண்டுக்கு மேல் இருந்தது. 2017இல்தான் அப்பெயர் நீக்கப்பட்டு, ரோலரின் பெயர் இடப்பட்டது. ரோலரோ 1952இல் முழங்காலில் அடிபட்டுத் தொழில்முறை ஆட்டத்தை இழந்தவர். அவர் ஆசிரியரானார், சன்பிரான்சிஸ்கோவில் பாடசாலை அதிபருமானார், 1965இல் அத்தொழில்முறைச் சங்கத்தின் முதற் கறுப்பின நடுவராகக் களத்துக்குத் திரும்பினார். 2009இல் காலமானார். விடுதியின் பெயர்ப்பலகையை அவர் காணவில்லை.

இவ்வளவு தொலைவிலுள்ள செய்தியைப் பேசுவது எனக்கு எளிதாயிருக்கிறது என்பதை எழுத எழுத உணர்கிறேன். அதனால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். என் பாடசாலையின் உதைபந்தாட்ட அணிக்கு நானே பொறுப்பாசிரியன். இரண்டாண்டுகளுக்கு முன் அயலூர் ஒன்றுக்கு ஆடச் சென்றோம். வென்றோம். ஆட்டம் முடிந்ததும் அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் தம் வீட்டில் மதிய விருந்து ஏற்பாடு செய்திருப்பதாக அழைத்தனர். பதினெட்டுப் பையன்களில் ஒருவன் வானிலிருந்து இறங்கவில்லை.

"எனக்குப் பசியில்லை, சேர். நீங்கள் போங்கோ."

வெயிலில் ஒன்றரை மணிநேரம் ஓடியவனுக்குப் பசியில்லை! நான் ஒருமுறை கூப்பிட்டேன். இரண்டாம்முறை அவன் என் முகத்தைப் பார்க்காமலே தலையை அசைத்தான். அவ்வூரில் எவ்வீட்டுப் படியில் எவர் ஏறலாம் என்பது பதினாறு வயதில் அவனுக்குத் தெரிந்திருந்தது. முப்பது கடந்த எனக்கும் தெரியாமலில்லை. ஆனால் அவனே போகச் சொல்லிவிட்டானே. நாங்கள் போனோம். உண்டோம். திரும்பும்போது அவனுக்கு ஒரு சோடாப் போத்தல் வாங்கிக்கொடுத்தேன். அவன் நன்றி சொன்னான்.

இவ்வருடமும் அதே ஊரிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அதே விருந்தும் உண்டு. அப்பையன் இன்னும் அணியில் இருக்கிறான். பையன்களைக் கூட்டி வாக்கெடுக்கலாமா என்று முதலில் நினைத்தேன். அவன் முன்னிலையில் அவனைப் பற்றிக் கை உயர்த்தச் சொல்வதாக அது முடியும். அவனைத் தனியே அழைத்துக் கேட்கலாமா என்றும் நினைத்தேன். அவன் என்ன சொல்வான் என்பது எனக்குத் தெரியும். சென்ற திங்கட்கிழமை எவரிடமும் கேளாமல் நானே பதிலெழுதினேன். ஆட்டத்துக்கு வருவோம், பதினெட்டுப் பேரும் ஒரே பந்தியில் இருத்தப்படுவதாயின் விருந்துக்கும் வருவோம், அன்றேல் சோற்றுப் பார்சல்களை வீட்டிலிருந்து கொண்டுவந்து மைதானத்து வேம்பின் கீழ் எல்லோரும் சேர்ந்து உண்போம் என்று எழுதினேன். எவன் பெயரையும் குறிப்பிடவில்லை. அதிபர் கடிதத்தை இருமுறை படித்தார். ஒன்றும் பேசாது கையொப்பமிட்டார். அவ்வூரிலிருந்து பதில் இன்னும் வரவில்லை.